மேடை விளக்குக்கு பிளக் மாட்டுவது: எர்த் கடைசியாகத்தான் விடுபட வேண்டும்

வீட்டு பிளக் சுவரில் செருகியது செருகியபடியே வருடக்கணக்கில் கிடக்கும். மேடை விளக்கின் பிளக்குக்கு அந்த நிம்மதி கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதைக் கழற்றுகிறார்கள், கேபிளைப் பிடித்தே இழுக்கிறார்கள், ஏணி உயரத்திலிருந்து தரையில் போடுகிறார்கள். தொங்கும் நேரத்தில் விளக்கின் சூடு வேறு. அதைத் தொடுகிறவர் பெரும்பாலும் அரை இருட்டில், அலுமினிய ஏணியில், ஒரு கையால் இரும்புக் குழாயைப் பிடித்தபடி நிற்கிறார். அந்த நிலையில் ஷாக் அடித்தால் மின்சாரத்தோடு விழுகிற உயரமும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் இங்கே பிளக் மாட்டும்போது மனதில் இருக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: இந்த வயர் என்றாவது ஒருநாள் பிய்யும். பிய்கிற அன்று முதலில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) விடுபட வேண்டும், அடுத்து நியூட்ரல் (அது திரும்பும் வயர்), எல்லாம் போன பிறகே எர்த் (உலோக உடலைத் தரையோடு இணைக்கும் பாதுகாப்பு வயர்). கீழே சொல்லும் அளவுகள், வெட்டும் முறை, சோதனை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவையே. பல இடங்களில் இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. அப்படியானால் வேலையை அவரே செய்யட்டும். பக்கத்தில் நின்று சரிபார்க்க இந்த விவரங்கள் உதவும்.

எந்த பிளக்

பிரிட்டனில் வீடுகள் 1947-இல் வந்த பிஎஸ் 1363 (பிஎஸ் என்பது பிரிட்டிஷ் தர எண்) வகைக்கு, அதாவது உள்ளே ஃப்யூஸ் வைத்த சதுரப் பின் 13 ஆம்ப் பிளக்குக்கு மாறிவிட்டன. அங்குள்ள அரங்கங்கள் மட்டும் அதற்கு முந்தைய, 1934-இன் பிஎஸ் 546 உருண்டைப் பின் 15 ஆம்ப் பிளக்கை விடவில்லை. காரணம் பழமைப் பற்று அல்ல. பிளக்குக்குள் ஃப்யூஸ் இருந்தால், காட்சி நடுவே அது போனால், பத்து மீட்டர் உயரத்தில் போய் மாற்ற முடியாது. 15 ஆம்ப் பிளக்கில் ஃப்யூஸ் இல்லை. பாதுகாப்பெல்லாம் தரையில், டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பக்கம் உள்ள பிரேக்கரில் (ஆம்ப் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்சில்) இருக்கிறது. இந்தியாவின் மூன்று உருண்டைப் பின் பிளக்கும் அதே வழியில் வந்ததுதான்.

வட அமெரிக்க அரங்கங்களில் ஸ்டேஜ் பின் எனப்படும் தட்டையான பிளக் புழங்குகிறது. மூன்று பின்களும் ஒரே வரிசையில் நிற்கும். நடுவில் இருப்பது எர்த், ஆனால் சரியாக நடுவில் இல்லை; ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எர்த்துக்கு அருகில் உள்ள பின் நியூட்ரல், தூரத்தில் உள்ளது ஃபேஸ். பல ஐரோப்பிய மேடைகளில் ஐஇசி 60309 என்ற சர்வதேசத் தர வகை நீல நிற 16 ஆம்ப் பிளக் உண்டு. புதிய எல்இடி விளக்குகளிலும் மூவிங் ஹெட்களிலும் (மோட்டாரால் தானே திரும்பும் விளக்குகளிலும்) திருகிப் பூட்டும் பவர்கான் வகை அதிகம். அதில் நீல நிறம் மின்சாரம் உள்ளே வருவதற்கு, சாம்பல் நிறம் அடுத்த விளக்குக்கு வெளியே போவதற்கு. பழைய 20 ஆம்ப் பவர்கானை லோடு ஓடும்போது கழற்றக் கூடாது, அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ட்ரூ1 என்ற பிந்தைய வகை அதைத் தாங்கும்.

எந்த வகையானாலும் உடல் ரப்பரிலோ உடையாத பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். கடினமான, மொறுமொறுப்பான பிளாஸ்டிக் முதல் தடவை விழும்போதே விரிசல் விடும். விரிசல் விட்ட பிளக்கை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது, உள்ளே இருக்கும் ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடுவதுதான்.

கேபிள் தேர்வு

230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு இழுப்பது 4.35 ஆம்ப், 2000 வாட் விளக்கு 8.7 ஆம்ப். 120 வோல்ட் நாடுகளில் அதே 1000 வாட்டுக்கு 8.3 ஆம்ப். விளக்கிலிருந்து வரும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வாலுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு போதும். 16 ஆம்ப் பிரேக்கரில் ஓடும் எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மி.மீ. போடுங்கள்.

தடிமனைவிடப் பலர் கோட்டை விடுவது சூட்டில். சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஹாலஜன் விளக்கின் உள்ளே வெப்பம் அதை எளிதாகத் தாண்டும். பிவிசி முதலில் இளகும், பிறகு காய்ந்து கெட்டியாகும், வளைத்தால் பொடியாக உதிரும். லேம்ப் ஹோல்டரிலிருந்து வெளிவரும் பகுதிக்கு 180 டிகிரி தாங்கும் சிலிகோன் ரப்பர் கேபிளோ, கண்ணாடி இழை உறை போட்ட வயரோதான் வேண்டும். சிலிகோனில் ஒரு குறை உண்டு: கத்தி முனை லேசாகப் பட்டாலும் அந்தக் கீறலிலிருந்து முழுதாகக் கிழியும். கண்ணாடி இழை உறையின் குறை வேறு: வழுக்கும். பிளக்கின் வாயில் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப் அதை இறுகப் பிடிப்பது கடினம், ஆகவே மாட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பதில் இங்கே கூடுதல் கண்டிப்பு தேவை.

மிகப் பழைய விளக்குகளில், சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் பஞ்சு போல நார் பிரியும் வயர் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உரிக்கவோ வெட்டவோ வேண்டாம். பையில் கட்டி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நிறம்: கருப்பு ஒரு பொறி

இன்று உலகில் பெரும்பாலும் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். பழைய பிரிட்டிஷ் வழக்கத்தில் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். வட அமெரிக்காவில் கருப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். ஒரு மரபில் நியூட்ரலாக இருக்கும் கருப்பு இன்னொன்றில் ஃபேஸ். விளக்குகளும் கேபிள்களும் நாடு விட்டு நாடு போகும் தொழில் இது. அதனால் நிறத்தை மட்டும் நம்பி மாட்டாதீர்கள். மறுமுனையைத் திறந்து எது எங்கே போகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

ஃபேஸும் நியூட்ரலும் மாறினாலும் விளக்கு வழக்கம்போல் எரியும், யாருக்கும் தெரியாது. ஆனால் விளக்கின் உடலில் ஸ்விட்சோ ஃப்யூஸோ இருந்தால் அது இனி நியூட்ரலைத்தான் வெட்டும். திருகு லேம்ப் என்றால், கை படும் வெளி வளையத்தில் ஃபேஸ் நிற்கும்.

ஃபேஸும் எர்த்தும் மாறினால் நிலைமை மிக மோசம். விளக்கு எரியாது, ஆனால் அதன் உலோக உடல் முழுவதும் ஃபேஸில் இருக்கும். விளக்கைத் தொங்கவிடும் கொக்கி இரும்புக் குழாயோடு நன்றாகத் தொட்டிருந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். நடுவில் பெயிண்ட் தடுத்தால் விழாது. "ஏன் எரியவில்லை?" என்று பார்க்க ஒருவர் ஏணியில் ஏறி அதைத் தொடுவார்.

மாட்டும் வேலை

தேவையானவை: கூர்மையான கட்டர், வயர் ஸ்டிரிப்பர், டெர்மினல் திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர், 1.5 மற்றும் 2.5 சதுர மி.மீ. ஃபெர்ரூல்கள் (இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல்கள்), அவற்றை நசுக்கும் கிரிம்பிங் கருவி. ஸ்டிரிப்பருக்குப் பதில் பல்லோ பிளேடோ வேண்டாம். 1.5 சதுர மி.மீ. வயரில் சுமார் 30 மெல்லிய இழைகள் இருக்கும். பிளேடு ஆறேழு இழையைக் கீறிவிட்டால் அவை முறுக்கும்போது அல்லது அடுத்த மாதம் ஆடும்போது அறும்.

முதலில் பிளக்கின் மூடியையும் ரப்பர் வாயையும் கேபிளில் கோத்துவிடுங்கள். மூன்று வயரையும் அழகாக முடித்த பிறகு மூடி மேசையிலேயே கிடப்பதைப் பார்ப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும். அப்போது அவிழ்த்து மறுபடி செய்வதுதான் வழி. மூடியின் வாயை வெட்டி விரித்துப் போடக் கூடாது.

அடுத்து கேபிள் முனையைத் திறந்த பிளக்கின் மேல் வைத்து அளவு எடுங்கள். வெளியுறை கிளாம்பைத் தாண்டி சில மில்லிமீட்டராவது உள்ளே வர வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு டெர்மினலுக்கும் எவ்வளவு நீளம் என்று பார்த்து ஃபேஸை மிகக் குட்டையாக, தளர்வே இல்லாமல் வெட்டுங்கள். நியூட்ரலுக்குக் கொஞ்சம் இடம் விடலாம். எர்த் வயர் மட்டும் தேவைக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. நீளமாக, ஒரு சின்ன வளைவோடு படுத்திருக்கட்டும். கிளாம்ப் நழுவி கேபிள் வெளியே வந்தால் இறுக்கமான ஃபேஸ் முதலில் பிடுங்கிக்கொள்ளும். எர்த் அந்த வளைவை நிமிர்த்திக்கொண்டு பிடித்திருக்கும்.

வெளியுறையைச் சுற்றிலும் மேலோட்டமாகக் கீறி, வளைத்து, உருவி எடுங்கள். ஆழமாக வெட்டினால் உள்ளே வயரின் காப்பு (இன்சுலேஷன்) கீறும். உருவிய பிறகு ஒவ்வொரு வயரையும் வளைத்துப் பாருங்கள். செம்பு மின்னினால் அந்த முனையை வெட்டி எறிந்து மறுபடி தொடங்குங்கள்.

முனைகளில் காப்பை 6 முதல் 8 மி.மீ. உரித்து, இழைகளை மெல்ல முறுக்கி, ஃபெர்ரூல் போட்டு நசுக்குங்கள். ஃபெர்ரூல் இல்லையென்றால் பின்னில் உள்ள துளைக்குள் இழையை இரட்டையாக மடித்து நுழைக்கலாம். துளை நிறையும், திருகு நழுவாது. திருகின் தலைக்கு அடியில் சுற்றும் வகை என்றால் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகு இறுக இறுக இழைகள் வெளியே பிதுங்கும்.

முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் பலர் இதை நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் அது நாளடைவில் பிதுங்கி விலகும், இறுக்கமாக இருந்த திருகு தானாகத் தளரும். ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து நிற்பதால் அங்கேயே ஒடியவும் செய்யும்.

தளர்ந்த திருகு என்ன செய்யும் என்பதைக் கணக்கில் பாருங்கள். தொடுப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால், 8.7 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் சுமார் 38 வாட் வெப்பம். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றை மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துக் காட்சி முழுக்க எரிய விடுகிறோம். பிரேக்கரும் விழாது, ஏனென்றால் ஆம்ப் கூடவில்லை.

எர்த்தை முதலில் திருகுங்கள், பிறகு நியூட்ரல், கடைசியில் ஃபேஸ். காப்பு திருகுக்கு அடியில் சிக்கக் கூடாது. அதே சமயம் டெர்மினலுக்கு வெளியே செம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தெரியவும் கூடாது. தனியே பிரிந்து நிற்கும் ஒற்றை இழையும் கூடாது. ஒவ்வொரு வயரையும் விரலால் பிடித்து அழுத்தமாக இழுங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது.

கடைசியாக கிளாம்ப். அது பிடிக்க வேண்டியது வெளியுறையை, உள்ளே இருக்கும் வயர்களை அல்ல. 2.5 சதுர மி.மீ. ரப்பர் கேபிள் 11 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும். வீட்டு உபயோகப் பிளக்கின் வாயில் அது நுழையாது. நுழையவில்லை என்று உறையைச் சீவுகிறார்கள், அல்லது உறையை வெளியிலேயே நிறுத்திவிட்டு மூன்று வயர்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள். அப்படிச் செய்தால் விளக்கின் இழுப்பு முழுவதும் திருகுகளில்தான் விழும். பெரிய வாயுள்ள பிளக் வாங்குவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. கிளாம்பின் இரண்டு திருகையும் மாறி மாறி, சமமாக இறுக்குங்கள். பிறகு மூடியைப் போட்டு, பிளக்கை ஒரு கையிலும் கேபிளை மறுகையிலும் பிடித்து இழுங்கள். உறை நகரவே கூடாது.

சோதனை

மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர். எர்த் பின்னில் ஒரு முனை, விளக்கின் உடலில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மறுமுனை. ஒரு மீட்டர் வாலுக்கு 0.1 ஓமைச் சுற்றித்தான் வர வேண்டும். மீட்டர் வயர்களின் சொந்தத் தடையை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். கதவு, லேம்ப் ஹோல்டர் வைத்த தட்டு, தொங்கவிடும் வளைந்த பட்டை என்று பிரியும் ஒவ்வொரு உலோகப் பகுதியையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். ஃபேஸிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் தொடர்பே காட்டக் கூடாது.

ஃபேஸ் - நியூட்ரல் இடையே லேம்ப் இருக்கும்போது மிகக் குறைந்த அளவு காட்டும். 230 வோல்ட், 1000 வாட் லேம்ப் எரியும்போது அதன் தடை 53 ஓம்; குளிர்ந்த நிலையில் நாலு ஓம் போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து மறுபடி பிரிக்க வேண்டாம். லேம்பைக் கழற்றினால் தொடர்பு முற்றிலும் போக வேண்டும். அப்போதும் ஏதாவது காட்டினால்தான் ஷார்ட்.

எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஒவ்வொரு பின்னிலிருந்தும் மறுமுனையில் அதற்குரிய துளை வரை மூன்றையும் பாருங்கள். பார்க்கும்போதே பிளக் வாயருகில் கேபிளை வளைத்து ஆட்டுங்கள். உள்ளே ஒடிந்த வயர் அசையாதபோது நன்றாகக் காட்டி, ஆடும்போது விட்டுவிட்டு வரும்.

மல்டிமீட்டரின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எர்த் வயரின் 30 இழைகளில் 29 அறுந்து ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் பிடித்திருந்தால் கூடும் தடை நாலு மில்லி ஓம் கூட இல்லை. மல்டிமீட்டர் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்லும். உண்மையான ஷார்ட் வரும்போது அந்த ஒற்றை இழை ஆவியாகும். அதனால்தான் முறையான சோதனைக் கருவிகளில் எர்த் வழியாக 25 ஆம்ப் வரை செலுத்திப் பார்க்கும் வசதி வைத்திருக்கிறார்கள். அது இல்லாத இடத்தில் மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

காப்புச் சோதனைக்கு 500 வோல்ட் மெகர் (காப்பின் தடையை அளக்கும் கருவி): ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, எர்த்துக்கு எதிராக. குறைந்தது ஒரு மெகா ஓம் வேண்டும். நல்ல விளக்கில் அதைவிடப் பல மடங்கு வரும். எல்இடி விளக்குகளிலும் மூவிங் ஹெட்களிலும் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால், தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்காமல் 500 வோல்ட் கொடுக்க வேண்டாம்.

மேடையில் மட்டும் நடக்கும் தவறுகள்

மின்சாரம் வரும் பக்கம் எப்போதும் துளை, வாங்கும் பக்கம் பின். இருபுறமும் பின் வைத்த கேபிளை "இன்று ஒரு நாளைக்கு மட்டும்" என்று யார் கேட்டாலும் செய்யாதீர்கள். ஒருபுறம் செருகிய நொடியில் மறுபுறத்தின் வெற்றுப் பின்களில் முழு வோல்ட்டேஜ் நிற்கும்.

டிம்மரை ஸீரோவுக்கு இறக்குவது மின்சாரத்தை நிறுத்துவது ஆகாது. தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்ச் வைத்த டிம்மர் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கசியும். விளக்குகளை இயக்கும் கன்சோலில் யாராவது கை வைத்தால் முழுதாகவே வரும். லேம்ப் மாற்றும்போதும் பிளக்கைப் பிரிக்கும்போதும் அந்த பிளக் எதிலும் செருகப்படாமல், உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

எல்இடி, மூவிங் ஹெட், புகை இயந்திரம் ஆகியவற்றை டிம்மரில் செருகினால் பழுதாகும், சில நேரம் புகையும். வேறு நிற டேப் ஒட்டி அடையாளம் வைப்பது போதாது. இருட்டில் நிறம் தெரியாது. டிம்மர் வழிக்கு ஒரு வகை பிளக், நேரடி மின்சாரத்துக்கு இன்னொரு வகை என்று பிரித்துவிடுங்கள். ஒன்று மற்றொன்றில் நுழையாது என்றால் யாரும் தவறு செய்ய முடியாது.

ஒரு டிம்மர் வழியில் இரண்டு விளக்கைப் பிரிக்கும் இரட்டை கேபிள் செய்கிறீர்கள் என்றால், 230 வோல்ட்டில் 10 ஆம்ப் வழிக்கு இரண்டு 1000 வாட் சரி. மூன்றாவது சேர்ந்தால் 13 ஆம்ப்.

ஆறு வழிகளை ஒரே கேபிளில் கொண்டுபோகும் 19 பின் சோகாபெக்ஸில் வழக்கமான அமைப்பு இது: 1 ஃபேஸ் 2 நியூட்ரல், 3 ஃபேஸ் 4 நியூட்ரல் என்று 12 வரை ஆறு ஜோடி, 13 முதல் 18 வரை அந்தந்த வழியின் எர்த், 19 காலி. ஆனால் ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு இதை மாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. வாடகைக்கு வந்த கேபிளை முதலில் சோதித்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

தொங்கவிடும்போது பிளக்கின் எடை டெர்மினலிலோ கேபிள் வாயிலோ விழக் கூடாது. விளக்கைத் திருப்பச் சாய்க்கப் போதுமான வளைவு விட்டு, கேபிளைக் குழாயில் கட்டுங்கள். பிளக் விளக்கின் உடலில் சாயாமல் தள்ளி நிற்கட்டும்.

கருகிய பிளக்

மாட்டிய சில வாரங்களில் ஒருமுறை திறந்து திருகுகளை மறுபடி இறுக்குங்கள். செம்பு அழுந்தி இடம் பிடிக்கும்போது கொஞ்சம் தளர்வு வருவது இயல்பு. பின்கள் கருத்திருந்தால், மீன் வாடை போலவோ கருகலாகவோ நெடி வந்தால், கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஸ்டேஜ் பின் வகையில் ஒவ்வொரு பின்னும் நடுவில் பிளந்திருக்கும். அது ஒடுங்கிப் போனால் தொடுப்பு தளரும்; அதற்கென்றுள்ள கருவியால் லேசாக விரிக்கலாம்.

கருகிய பிளக்கை மாற்றும்போது கேபிளையும் செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டுங்கள். பத்து சென்டிமீட்டர் போனாலும் பரவாயில்லை. கருத்த செம்பில் திருகு இறுகினாலும் தொடுப்பு நல்லதாக இருக்காது. இன்னொரு பாதி வேலை சாக்கெட்டில் இருக்கிறது. அந்த பிளக் செருகியிருந்த சாக்கெட்டின் உள் உலோகமும் சூட்டில் பிடிப்பு போய் தளர்ந்திருக்கும். புது பிளக்கை அதில் செருகினால் அதுவும் சில நாளில் கருகும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.